கப்பலில் பால்கனி அவசியமா?

தீர்த்தமலையில் பிறந்து வளர்ந்த ஓர் அம்மாளைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். ராமர், அகஸ்தியர், குமாரர், கௌரி, அக்னி என்று ஐந்து பெயர்களில் தீர்த்தங்கள் உள்ள மலை அது. இலங்கையிலிருந்து திரும்பி வந்த ஸ்ரீராமர் பூஜைக்கு ஜலம் வேண்டி அம்பு எய்தார், பாறையிலிருந்து தீர்த்தம் பெருகியது என்பது ஸ்தல புராணம். அந்தப் பக்கத்தில் ஓடும் தென்பெண்ணை, கடலூருக்கு அருகே வங்காள விரிகுடாவில் போய்க் கலக்கிறது. ஆனால் அம்மாள் கடலைப் பார்த்ததே இல்லை. மகனும் மருமகளும் இரண்டு குழந்தைகளுடன் சென்னையில் இருக்கிறார்கள். "எல்லோருமாகக் கப்பலில் நாலு நாள் போய் வந்தால் என்ன?" என்று ஒரு நாள் பேச்சு எழுகிறது.

விளம்பரத் தாளைப் பிரித்தால் முதல் பக்கத்திலேயே பால்கனி வைத்த அறையின் படம்! இரண்டு நாற்காலி, ஒரு சிறு மேஜை, எதிரே நீல சமுத்திரம். விலையைப் பார்த்தால் சாதாரண அறையைப் போலப் பல ஆயிரம் ரூபாய் கூடுதல். வாங்கலாமா, வேண்டாமா? உங்கள் வீட்டிலும் இந்த யோசனை ஓடிக்கொண்டிருந்தால், பணத்தைக் கட்டுமுன் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் நம் ஊர்க் கப்பலைப் பற்றிச் சொல்கிறேன். ரஜூலா என்ற பழைய கப்பலைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1926-ல் கட்டப்பட்டு, 1973 வரையில் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடியது. அதில் பெரும்பாலோர் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள். அது பிழைப்புக்காகச் செய்த பிரயாணம். உல்லாசத்துக்கென்றே பல நாள் பிரயாணம் ஒன்று 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. கார்டிலியா கம்பெனியின் எம்ப்ரெஸ் கப்பல் விசாகப்பட்டினத்துக்குப் போய் வந்தது. 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்கும் புறப்பட்டது.

இந்தக் கப்பல் 1990-ல் பிரான்ஸில் கட்டியது. பதினொரு தளம்; சுமார் 800 அறைகள். அந்தக் காலத்தில் கப்பலில் பால்கனி வைப்பது அபூர்வம். ஆகையால் அறைகளில் ஒரு சிறு பங்குக்குத்தான் பால்கனி உண்டு. மற்றவை ஜன்னல் உள்ளவை, அல்லது ஜன்னலே இல்லாத உள் அறைகள். குறைவாக இருக்கும் பொருளுக்குக் கிராக்கி அதிகம் என்பதைச் சந்தைக்குப் போகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

சரி, அந்தக் கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கும்? திறந்த விரிகுடாவில் கப்பல் கரையை விட்டு வெகுதூரம் விலகிப் போகிறது. பால்கனியில் உட்கார்ந்தால் தெரிவது தண்ணீர், தண்ணீர், மேலும் தண்ணீர்! முதல் நாள் பரவசம்தான். இரண்டாம் நாள் குழந்தைகள் நீச்சல் குளத்துக்கு ஓடிவிடுவார்கள். பார்க்க வேண்டிய காட்சி துறைமுகத்துக்குள் நுழையும்போதுதான் வரும். விசாகப்பட்டினத்தில் டால்பின் மூக்கு என்கிற மலை கடலுக்குள் நீட்டிக்கொண்டு வரவேற்கும். அதை மேல்தளத்தில் நின்று எல்லோரும் பார்க்கலாம். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

இன்னொரு விஷயம், மயக்கமும் வாந்தியும். அலையில் கப்பல் ஆடும்போது முன்புறமும் பின்புறமும்தான் அதிகம் ஏறி இறங்கும். உயரமான தளங்களில் பக்கவாட்டு ஆட்டம் கூடுதலாகத் தெரியும். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் மிகக் குறைவு. பால்கனி அறைகள் பெரும்பாலும் மேலே இருப்பவை. பஸ்ஸில் ஏறினாலே தலை சுற்றும் மாமியாருக்கு, காசு கொடுத்து ஊஞ்சல் வாங்கின மாதிரி ஆகிவிடும்!

படுக்கையையும் கவனியுங்கள். ஓர் அறைக்கு நாலு பேர் என்று சொல்வார்கள். மூன்றாவது, நாலாவது படுக்கைகள் ரயிலில் இருப்பதுபோல் மேலே மடக்கி வைத்தவை. முழங்கால் வலிக்காரர் ஏணி ஏற முடியுமா? ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு, பால்கனிக்குக் கொடுக்கும் பணத்தில் அடுத்தடுத்து இரண்டு சாதாரண அறைகள் கிடைக்குமா என்று விசாரியுங்கள். இரண்டு குளியலறை கிடைக்கும். காலையில் சண்டை இராது. பாட்டியும் பேரனும் சீக்கிரம் தூங்கலாம். அடைத்த அறையில் மூச்சு முட்டும் என்பவர்கள் ஜன்னல் அறை எடுக்கலாம். ஆனால் ஜன்னலுக்கு வெளியே உயிர்காப்புப் படகு மறைக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பருவம் எல்லாவற்றையும் விட முக்கியம். வங்காள விரிகுடாவில் புயல் உருவாகும் காலம் ஏப்ரல், மே. மறுபடி அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும் கடல் சற்றுக் குலுக்கவே செய்யும். ஜனவரி முதல் மார்ச் வரை அமைதியான மாதங்கள். நீங்கள் லீவு எடுக்கும் மாதத்தில் சென்னையிலிருந்து கப்பல் உண்டா என்று முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் அறையைப் பற்றி யோசியுங்கள்.

அப்படியானால் பால்கனி வீண்தானா? இல்லை. அதற்கு ஏற்ற கடல் வேறே இருக்கிறது. வியட்நாமில் ஹாலாங் விரிகுடா என்று ஒன்று. 1,600-க்கு மேற்பட்ட சுண்ணாம்புக்கல் தீவுகள் தண்ணீரிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. 1994-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தீவுகளே அலையைத் தடுத்துவிடுவதால் நீர் குளம்போல் இருக்கும். அங்கே ஓடுபவை சிறு கப்பல்கள். பலவற்றில் எல்லா அறைக்கும் பால்கனி உண்டு. நாற்காலியில் சாய்ந்தபடியே குன்று குன்றாக நகர்வதைப் பார்க்கலாம். அறுபதாம் கல்யாணத் தம்பதிக்கு அருமையான பரிசு!

ஆனால் அங்கும் பருவம் பார்த்தே போக வேண்டும். 2024 செப்டம்பரில் யாகி புயலில் அங்கே பல படகுகள் மூழ்கின. 2025 ஜூலை 19-ல் திடீரென்று அடித்த சூறைக்காற்றில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அது இரவு தங்கும் கப்பல் அல்ல, பகலில் சுற்றிக்காட்டும் படகு. என்றாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் போகாமல் இருப்பது விவேகம். உயிர்காப்பு அங்கியை எப்படி அணிவது என்று ஏறினவுடன் காட்டித் தருகிறார்களா என்றும் கவனியுங்கள்.

பணம் கட்டுமுன் நாலு கேள்வி கேளுங்கள். வரி, துறைமுகக் கட்டணம், ஊழியர் சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? சாப்பாட்டில் எது இனாம், எதற்குத் தனிக் காசு? கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்க எவ்வளவு? ஒரு துறைமுகத்தில் இறங்க முடியாமல் போனால் பணம் திரும்புமா? கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். 2022 ஜூனில் புதுச்சேரி வரை வந்த உல்லாசக் கப்பலுக்கு அங்கே அனுமதி கிடைக்கவில்லை. பயணிகள் இறங்காமலே திரும்பினார்கள்.

இன்னும் ஒன்று. இந்தப் பிரயாணத்தில் மற்றவர்களுக்கு வேடிக்கை; உங்களுக்கோ ஓய்வு. 'காலைக்கு என்ன டிபன்?' என்று நாலு நாள் யாரும் உங்களைக் கேட்கப் போவதில்லை. ஆகவே அறையைத் தேர்ந்தெடுக்கும் வேலையை வீட்டுக்காரரிடம் விட்டுவிடாதீர்கள். படத்தில் எது அழகாயிருக்கிறது என்று அவர் பார்ப்பார். எந்த அறையில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்!