மறதிநோயாளரைப் பேணும் குடும்பத்தினருக்கான உதவிச் சேவைகள்: கொல்லிமலையை முன்வைத்து

திறவுச்சொற்கள்: மறதிநோய், குடும்பப் பராமரிப்பாளர், கொல்லிமலை, மலையாளி பழங்குடியினர், இல்லம் தேடும் சேவை

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சுற்றுலாப் பயணியர்க்கு வியப்பூட்டும் இவ்வெண், மறதிநோயுற்ற முதியவரை நாமக்கல்லிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய மகளுக்கோ மருமகளுக்கோ வேறு பொருள் தருவதாகும். எங்குச் செல்கிறோம் என்பதையே மறந்து நடுவழியில் இறங்க முற்படுபவருடன் அவ்வளைவுகளைக் கடக்க வேண்டும். அன்றைய கூலியையும் இழக்க வேண்டும். எனவே, இம்மலையைப் பொறுத்தவரை வீட்டு வாசல்வரை வரக்கூடிய சேவை எது என்பதே முதன்மையான வினாவாகிறது. அதனை இக்கட்டுரை ஆராய்கிறது.

நோயின் பெயரறிதல்

டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் இந்தியாவில் 60 வயதைக் கடந்தோருள் 7.4 விழுக்காட்டினரைப் பாதித்துள்ளதாக, 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. எண்ணிக்கையில் இது ஏறத்தாழ 88 இலட்சம் பேராகும். நகரத்தைவிடச் சிற்றூர்களிலும், ஆண்களைவிடப் பெண்களிடமும், கல்வி வாய்ப்புக் குறைந்தோரிடமும் இந்நோய் மிகுந்து காணப்படுவதாக அவ்வாய்வு கூறுகிறது. கொல்லிமலை போன்ற பகுதிகளுக்கு இக்கூற்று நேரடியாகப் பொருந்தக்கூடியது.

இந்நோய் மறதியோடு நிற்பதில்லை. ஒரே வினாவைப் பலமுறை கேட்டல், இரவில் உறங்காமை, வீட்டைவிட்டு வெளியேறி அலைதல், பொருளைத் திருடிவிட்டதாக உடனிருப்போரை ஐயுறுதல் ஆகியனவும் இதன் கூறுகளே. கோவாவில் நடத்தப்பெற்று 2001-இல் வெளியான ஆய்வொன்று, மக்கள் இவற்றை நோயாகக் கருதாமல் முதுமையின் இயல்பாகவோ பிள்ளைகளின் புறக்கணிப்பால் விளைந்ததாகவோ கொண்டதைப் பதிவுசெய்தது. இது கவனத்திற்குரியது. சோறூட்டிக் குளிப்பாட்டும் மருமகளே, மாமியாரைப் பட்டினி போடுகிறாள் என்னும் பழியையும் சுமக்க நேர்கிறது. ஆகவே, மாமியாரின் குற்றச்சாட்டு நோயின் வெளிப்பாடு என்று ஊரார் அறியச் சொல்வதே பராமரிப்பாளர்க்குக் கிடைக்கும் முதல் உதவி எனலாம்.

நோயைக் கண்டறிவதிலும் இடர் உண்டு. பரவலாகப் பயன்படும் குறுமனநிலைச் சோதனை எழுதவும், வடிவம் வரையவும், தேதி கூறவும் பணிக்கிறது. எழுத்தறியா முதியவர் நோயின்றியே இதில் தோற்கக்கூடும். இக்குறையை நீக்க 1990-களில் பல்லாப்கரில் இந்திவழிச் சோதனை உருவாக்கப்பட்டது. பின்னர் 10/66 ஆய்வுக்குழு, கல்வி வேறுபாட்டால் பிறழாத கண்டறிமுறையை வகுத்தது. கொல்லிமலை மலையாளி மக்கள் தமிழே பேசுவதால் மொழிபெயர்ப்புச் சிக்கல் குறைவு. ஆயினும் வினாக்கள் அம்மண்ணுக்குரியனவாதல் வேண்டும். இன்றைய தேதியைக் கேட்பதைவிட, அறப்பளீசுவரர் கோயில் ஆடிப்பெருக்கு முடிந்துவிட்டதா, இனி வரவேண்டியதா எனக் கேட்பது அங்குள்ள முதியவரின் காலவுணர்வை நன்கு காட்டும். இத்தகைய வினாக்களும் முறையான சோதனைக்குப் பின்னரே ஏற்கத்தக்கன.

கோவா தரும் சான்று

வல்லுநரின்றி இத்தகைய சேவை இயலுமா என்னும் ஐயத்திற்குக் கோவாவில் நிகழ்ந்த மற்றொரு ஆய்வு விடை தருகிறது. 2008-இல் வெளியான இவ்வாய்வில் 81 குடும்பங்கள் இடம்பெற்றன. உள்ளூர் மொழியறிந்த, எழுத்தறிவுடைய எளிய பணியாளர்கள் பயிற்சி பெற்று, ஆறு திங்கள் இல்லம்தோறும் சென்றனர். நோயை விளக்குதல், அன்றாடப் பணிகளில் வழிகாட்டுதல், நடத்தைச் சிக்கல்களைக் கையாளக் கற்பித்தல், அரசுத் திட்டங்களைத் தெரிவித்தல் ஆகியன அவர்தம் பணிகள். மனநல மருத்துவர் ஒருவர் பின்னிருந்து உதவினார். சேவை பெற்ற பராமரிப்பாளர்களின் மனநலம் குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டது. நோயாளரின் நடத்தைச் சிக்கல்களில் அத்தகைய தெளிவான மாற்றம் காணப்படவில்லை. எனவே, நோய் தணியாவிடினும் அதனைத் தாங்குவோரின் துன்பம் தணியக்கூடும் என்பதே இவ்வாய்வின் பயன்.

10/66 குழு வகுத்த பயிற்சி இதனினும் சுருங்கியது. வாரம் ஒன்றாக, அரைமணி நேர அளவில் ஐந்தே அமர்வுகள் கொண்டது.

மலையில் ஏற்கெனவே இருப்போர்

இவ்வைந்து அமர்வுகளையும் நடத்துவதற்குப் புதிய துறை எதுவும் தேவையில்லை. 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகளை இல்லங்களுக்கே கொண்டு சேர்க்கின்றனர். அத்திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் அடங்கும். அழுத்த மாத்திரை கொடுக்கச் செல்பவரே அவ்வீட்டு முதியவர் வழிதவறுவதையும் இரவில் விழித்திருப்பதையும் முதலில் அறிபவர். அதனைக் குறித்துக்கொள்ள அவர்தம் பதிவேட்டில் ஓரிடம் ஒதுக்கினால், சேவை தொடங்கிவிடும். ஐயங்களுக்கு 14416 என்னும் மனநலத் தொலைபேசி எண்ணும், 14567 என்னும் முதியோர் உதவி எண்ணும் உள்ளன. ஆனால், கூச்சத்தால் பேசத் தயங்கும் பெண்ணுக்கு அறிமுகமானவரின் வருகைக்கு அவை ஈடாகா.

பொருளுதவியைப் பொறுத்தவரை, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் மறதிநோயின் பெயர் இல்லை. நாட்பட்ட நரம்பியல் பாதிப்புகளுக்குப் பார்க்கின்சன் நோயும் தண்டுவட மரப்பு நோயும் எடுத்துக்காட்டுகளாகவே சுட்டப்படுவதால், மறதிநோயையும் அவ்வகையில் அடக்க இடமுண்டு. எனினும், சான்றிதழ் பெறுவதற்கு மீண்டும் அதே 70 வளைவுகள்.

ஓய்வு என்னும் சேவை

ஐந்து அமர்வுகளால் தரவியலாதது ஒன்றுண்டு: பராமரிப்பாளர் சில மணி நேரம் வீட்டைவிட்டு அகலும் உரிமை. பெருநகரங்களில் இதற்குப் பகல்நேரப் பராமரிப்பு மையங்கள் உள்ளன. காப்பியும் மிளகும் பறிக்கும் பருவத்தில் மலைப்பெண்ணுக்கு இவ்வுரிமை வருமானமே ஆகும். அதற்கு உருவான முன்மாதிரி ஒன்றைச் சுட்டலாம். 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம், பணியிடத்தில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட சிறு குழந்தைகள் இருப்பின், பணியாளருள் ஒரு பெண்ணை அவர்களைக் கவனிக்க அமர்த்தி, அவருக்கும் உரிய கூலி வழங்க வகை செய்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது கூலிக்குரிய வேலை என்பதைச் சட்டமே ஏற்றமைக்கு இது சான்று. அடுத்தடுத்த வீடுகளில் மறதிநோயுற்ற முதியவர் இருவரோ மூவரோ உள்ள சிற்றூரில், பறிப்புப் பருவத்தில் மட்டுமேனும் ஒரு பெண்ணுக்கு இவ்வாறு கூலி வழங்குவதை ஊராட்சி அளவில் சோதித்துப் பார்க்கலாம்.