மதுரைக்கு இந்தப் பக்கம் துபாய், அந்தப் பக்கம் சிங்கப்பூர்

டீ ஆறுவதற்குள் இந்தக் கணக்கைப் பார்த்துவிடலாம், அண்ணாச்சி. பெரியவன் மதுரையில் பகல் 12.00 மணிக்கு ஏறி துபாயில் 2.45-க்கு இறங்குகிறான். சின்னவன் அதே 12.00 மணிக்கு ஏறி சிங்கப்பூரில் மாலை 6.45-க்கு இறங்குகிறான் என்று வையுங்கள். துபாய் கிட்டே, சிங்கப்பூர் தூரம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மதுரையிலிருந்து இரண்டுமே சுமார் 3,000 கிலோமீட்டர். பறக்கிற நேரமும் இரண்டுக்கும் ஏறக்குறைய நாலேகால் மணிதான்.

டிக்கெட்டில் ஏறும் நேரம் ஏறுகிற ஊர்க் கணக்கு, இறங்கும் நேரம் இறங்குகிற ஊர்க் கணக்கு. துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். சூரியனைப் பார்த்தால் சிங்கப்பூர் இவ்வளவு முன்னால் இருக்கவே வேண்டாம். மலேசியாவோடு ஒத்துப்போக 1982 பிறக்கும்போது கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அங்கே விடியவே ஏழு மணி ஆவது அதனால்தான்.

துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் நேர்த்தூரம் சுமார் 5,840 கிலோமீட்டர், ஏழு மணி நேரத்துக்கு மேல் பயணம். மதுரைக்கு வந்து போனாலும் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் சுற்று. இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய நடுவே நாம் இருக்கிறோம்!

போகும்போது பறக்கிற நேரமும் வரும்போது பறக்கிற நேரமும் ஒத்துவராததற்குக் காரணம் காற்று. ஆடியில் நம்ம ஊரில் மேல்காற்று எப்படிப் புழுதியை வாரி அடிக்கும்! அதே ஆடியில், விமானம் பறக்கிற பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் காற்று நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் தென்னிந்தியாவின் தலைக்கு மேல் ஓடும் கீழைக் காற்றோட்டம் இது. இந்திய வானிலைத் துறையின் பி. கோடீஸ்வரம் 1958-இல் இதை விளக்கி எழுதினார். எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடியில் துபாய் போகிற விமானத்துக்கு இந்தக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும், திரும்பும்போது மறிக்கும். மார்கழியில் கதை மாறும். வட இந்தியாவுக்கு மேல் மேற்கிலிருந்து பலமான காற்று ஓடும். அப்போது துபாயிலிருந்து வருகிறவனுக்குத்தான் லாபம்.

இன்னொன்று, பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் எதையும் பையில் வைத்துவிடாதீர்கள். கைப்பையிலும் கூடாது, ஏற்றிவிடும் பெட்டியிலும் கூடாது. நம்ம சிவகாசிப் பக்கத்தில் அது பலகாரம் கொடுப்பது மாதிரி சகஜம், அதனாலேயே சொல்கிறேன்.

தாயில்பட்டியிலிருந்து சிவகாசி, விருதுநகர், கப்பலூர் வழியாக விமான நிலையம் போக இரண்டு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மூன்று மணி நேரம் முன்னதாக நிற்கணும். நடுராத்திரி விமானத்துக்குத் தேதியையும் பாருங்கள். டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00.30 என்று இருந்தால், 14-ஆம் தேதி ராத்திரி ஏழு மணிக்கே கார் வாசலில் நிற்கணும்.