ப்ராக்ஸியில் போர்ட் தீர்ந்துபோன ராத்திரி

இன்னைக்கு ஒரு ஜனவரி ராத்திரி கதை. விவசாயிகளுக்கு வானிலை சொல்ற ஒரு ஆப்புக்கு நான் சர்வர் பார்த்துக்கிட்டிருந்தேன். கம்பெனி பேர் வேண்டாம். தஞ்சாவூர்ப் பக்கம் சம்பா அறுவடை. கொள்முதல் நிலைய வாசல்ல நெல்லைக் கொட்டி வச்சிட்டு சனம் காத்துக்கிட்டிருக்கு. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினா எடுக்க மாட்டாங்க. அந்த நேரத்துல 'மழை வருது'ன்னு ஒரு அலர்ட் போகுது. எந்த ஊர்ல, எத்தனை மணிக்குன்னு பார்க்க எல்லாரும் ஒரே நிமிஷத்துல ஆப்பைத் திறக்கிறாங்க. திறந்தா எரர்.

சர்வர்ல சிபியு சும்மா கிடக்கு, மெமரியும் தாராளம். ப்ராக்ஸி லாக்ல மட்டும் ஒரே வரி: 'கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்'.

விஷயம் இதுதான். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் ப்ராக்ஸி, உள்ளே இருக்கிற ஆப் சர்வருக்குப் புதுசா ஒரு டிசிபி கனெக்‌ஷன் போடுது. ஒரு கனெக்‌ஷனுக்கு அடையாளம் நாலு: இந்தப் பக்கத்து ஐபி, போர்ட், அந்தப் பக்கத்து ஐபி, போர்ட். எங்ககிட்ட ரெண்டு பக்கமும் ஒரே ஒரு மெஷின். ஆக, மாறக்கூடியது இந்தப் பக்கத்து போர்ட் மட்டும்தான். லினக்ஸ் அதுக்கு வழக்கமா ஒதுக்குறது 32768 முதல் 60999 வரை, மொத்தம் 28,232. நிறையத்தானேன்னு தோணும். ஆனா கனெக்‌ஷனை முதல்ல மூடுற பக்கம் அந்த போர்ட்டை 60 செகண்ட் 'டைம் வெயிட்'ல வச்சிருக்கும். பழைய பாக்கெட் ஏதாவது தாமதமா வந்து புது கனெக்‌ஷன்ல கலந்துடக் கூடாதே! எங்க விஷயத்துல மூடுறது ப்ராக்ஸி. 28,232-ஐ 60-ஆல வகுங்க: செகண்டுக்குச் சுமார் 470. அதுக்கு மேல வர்றவங்களுக்கு எரர்.

அவசரத்துக்கு போர்ட் எல்லையை 1024 முதல் 65535 வரைன்னு விரிச்சேன். ரெண்டு மடங்குக்கு மேல கிடைச்சுது. (மறுநாள் 8080-ல ஓட வேண்டிய ஒரு சர்வீஸ் எழுந்திருக்கல. அந்த போர்ட்டை யாரோ எடுத்துட்டாங்க. அந்த 'யாரோ' நான்தான்.)

அப்புறம் ப்ராக்ஸிக்கு இன்னும் ரெண்டு ஐபி சேர்த்தோம். கல்லணையில ஏற்கெனவே காவிரியும் வெண்ணாறும் பிரியுது. அது எட்டாத நிலத்துக்கு 1934-ல புது ஆறு வெட்டினாங்க இல்லையா, அந்த மாதிரி. ஒவ்வொரு ஐபிக்கும் தனியா ஒரு முழு போர்ட் வரிசை.

ஆனா எங்களைக் காப்பாத்தினது கீப்அலைவ்தான். போட்ட கனெக்‌ஷனை மூடாம அடுத்த ரிக்வெஸ்ட்டுக்கும் அதையே கொடுக்கிறது. எஞ்சின்எக்ஸ்ல 'கீப்அலைவ் 64'ன்னு எழுதினா அது மொத்த கனெக்‌ஷனுக்கு உச்சவரம்புன்னு நினைச்சிடாதீங்க. ஒவ்வொரு வொர்க்கரும் சும்மா இருக்கும்போது திறந்து வச்சிருக்கிற எண்ணிக்கை அது. ரொம்பக் குறைச்சு வச்சா, கூட்ட நேரத்துல மீதியை மூடி மூடித் திறக்கும். டைம் வெயிட் மறுபடி ஏறும்.

ஒரத்தநாட்டுல எங்க சித்தப்பா அன்னைக்கு ஆப்பையே திறக்கல. வானத்தைப் பார்த்துட்டு, எட்டு மணிக்கே படுதா போட்டுட்டாராம்.