நான்கு டன் மழைநீர், நான்கு நாள் தூரத்தில் மருத்துவர்

பாய்மரப் படகில் கடல் சுற்றிக்கொண்டே குடியேற ஒரு சிறு தீவைத் தேடுகிறவர்கள் முதலில் படகின் விலையைத்தான் கணக்குப் போடுகிறார்கள். அது பெரிய தொகைதான். அதில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் பராமரிப்புக்கே போய்விடும் என்பது படகுக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஆனால் தீவில் தங்கிப் பார்த்தவர்களின் அனுபவங்களைப் படித்தால், அவர்களை நிறுத்தியதும் திருப்பி அனுப்பியதும் பணத்தைவிட லிட்டரும் டன்னும் நாளும்தான் என்று தெரிகிறது.

தென் பசிபிக்கை எடுத்துக்கொள்வோம். கலாபகோஸிலிருந்து மார்க்கெசாஸ் தீவுகள் வரை சுமார் 3,000 கடல் மைல்; கிலோமீட்டரில் 5,500க்கு மேல். 12 மீட்டர் நீளப் படகு மணிக்கு 5 கடல் மைல் ஓடினால் ஒரு நாளைக்கு 120; ஆக 25 நாள். எஞ்சின் மணிக்கு இரண்டரை லிட்டர் டீசல் குடித்தால், 200 லிட்டர் தொட்டி 80 மணி நேரத்தில் காலியாகும். அதில் கடப்பது 400 மைல். மிச்சம் 2,600 மைலுக்குக் காற்றைத்தான் நம்ப வேண்டும்.

தண்ணீர்? ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று வைத்தால் இருவருக்கு 25 நாளுக்கு 200 லிட்டர். காற்று ஏமாற்றலாம் என்பதால் 400 லிட்டர் ஏற்றுவது நல்லது. படகில் 4 லிட்டரில் ஒரு நாளை ஓட்டிப் பழகியவர்கள் தீவுக்கு வந்ததும் தண்ணீர்க் கவலை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. குளிக்க, துவைக்க, நாற்றுக்கு ஊற்ற என்று ஆளுக்கு 20 லிட்டராவது ஆகும்.

பவளத் தீவில் ஆறு கிடையாது, கூரைதான் ஆறு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் மழை பெறும் தீவில் 20 சதுர மீட்டர் தகரக் கூரை 40,000 லிட்டர் தரும். சிந்தியதும் ஆவியானதும் போக 32,000. தினம் 87 லிட்டர். இருவருக்குத் தாராளம். ஆனால் மழை தினக்கூலி போல வருவதில்லை. 100 நாள் வறட்சியைத் தாண்ட இருவருக்கு 4,000 லிட்டர் கையிருப்பு வேண்டும். அதாவது ஆயிரம் லிட்டர்த் தொட்டிகள் நான்கு. படகு சுமக்கும் தண்ணீரைப் போலப் பத்து மடங்கு. கூரையின் அகலத்தை அளப்பவர்கள் தொட்டியை மறந்துவிடுகிறார்கள்.

மண்ணும் அப்படித்தான். 20 சதுர மீட்டர் காய்கறிப் பாத்திக்கு 30 சென்டிமீட்டர் ஆழம் மண் நிரப்ப 6 கன மீட்டர் வேண்டும்; எடை ஏறக்குறைய 7 டன். ஏறி வந்த படகின் எடையே 8, 10 டன்தான். வெளிமண்ணை இறக்கவும் விடமாட்டார்கள். தென்னை மட்டை, உதிர்ந்த இலை, கடற்பாசி இவற்றை மக்கவைத்து வருடக் கணக்கில் உண்டாக்கியாக வேண்டும்.

இதையெல்லாம் தனி ஆளாகச் செய்து பார்த்தவர் நியூசிலாந்துக்காரர் டாம் நீல். 1952 அக்டோபரில், ஐம்பது வயதை நெருங்கும்போது, குக் தீவுகளில் ஆளில்லாத சுவாரோவில் இரண்டு பூனைகளோடு இறங்கினார். உலகப் போர்க் காலக் கண்காணிப்பாளர்கள் விட்டுப்போன குடிசையும் தண்ணீர்த் தொட்டியும் அவருக்கு அங்கே கிடைத்தன. 1942 புயலில் அதே தீவில் எழுத்தாளர் ராபர்ட் டீன் ஃப்ரிஸ்பி தம் பிள்ளைகளைப் புன்னை மரத்தில் கட்டிவைத்துக் காப்பாற்றினார். நிலம் கடலுக்கு மேல் சில மீட்டர்தான் என்பதால் ஒதுங்க வேறு உயரமான இடம் இல்லை.

நீல் முதல் முறை தாக்குப்பிடித்தது 20 மாதம். தண்ணீர் போதாமல் அவர் திரும்பவில்லை. 1954இல் முதுகு பிடித்து நகர முடியாமல் கிடந்தார். தற்செயலாக ஒரு படகு வந்ததால் தப்பினார். மீண்டும் 1960 முதல் 1963 வரை இருந்தார். மூன்றாம் முறை 1967 முதல் 1977 வரை. கடைசியிலும் நோயாளியாகத்தான், மருத்துவர் இருக்கும் ராரோடோங்கா தீவுக்குப் போனார். அந்த ஆண்டே இறந்தார். சுவாரோவிலிருந்து ராரோடோங்கா ஏறக்குறைய 510 கடல் மைல். நம் 120 கணக்கில் நான்கு நாளுக்கு மேல். என் மனத்தை உறுத்துவது இந்த எண்தான். தொட்டி வாங்கலாம், மண் ஆக்கலாம். இந்த நான்கு நாளைக் குறைக்க வழியில்லை. நோயாளியே சுக்கான் பிடிக்க வேண்டியிருந்தால் அது ஆறோ எட்டோ ஆகும்.

இன்று நீலைப் போல அங்கே குடியேறும் வழியும் இல்லை. 1978இல் சுவாரோ தேசியப் பூங்காவானது. படகுகள் வந்து சில நாள் தங்கிப் போகலாம், குடியேற முடியாது.

அதற்கு மாறாக, தென் பசிபிக்கிலேயே குடியேற ஆள் தேடும் தீவு பிட்கேர்ன். பரப்பு 4.6 சதுர கிலோமீட்டர். எரிமலைத் தீவு என்பதால் மண் உண்டு. 1937இல் 233 பேர் இருந்தார்கள், இன்று ஐம்பதுக்கும் குறைவு. விமான தளம் கிடையாது. பிரெஞ்சு பொலினீசியத் தீவான மங்கரேவாவிலிருந்து சுமார் 290 கடல் மைல், இரண்டரை நாள். அதுவும் பெரும்பாலும் எதிர்க்காற்றில். கப்பல் கரையை அணைய முடியாததால் அரிசி மூட்டையிலிருந்து சிமென்ட் வரை எல்லாம் நீள்படகில் அலை பார்த்து இறக்கப்படுகிறது. அந்தப் படகை ஓட்டத் திடமான கைகள் வேண்டும். ஐம்பது பேரில் முதியவர்களையும் குழந்தைகளையும் கழித்தால் எத்தனை மிஞ்சும்? இங்கே புதிதாக வரும் ஒருவர் தண்ணீர்க் கணக்கில் செலவு, படகுக் கணக்கில் வரவு. படகில் பல மாதம் கழித்த ஒரு தம்பதி என்னிடம் கேட்டால், யாருமில்லாத பவளத் திட்டைவிட, தங்கள் இருவரின் கைகளும் உடனே வேலைக்கு வேண்டப்படும் இந்தக் கரையைத்தான் சொல்வேன்.