மூலையில் ஒளிந்திருந்த நான்கு

மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஒரு பிளாக் என்பது பக்கத்துக்கு 1 மீட்டர் உள்ள கனசதுரம். அளவியல் பாடத்துக்கு ஏற்ற துணைக்கருவி என்று எண்ணி, ஏழாம் வகுப்பு மாணவர்களை அதில் ஒரு வீடு கட்டச் சொன்னேன். நிபந்தனை ஒன்றே: எத்தனை பிளாக் வேண்டும் என முதலில் கணக்கிட வேண்டும், அத்தனை மட்டுமே தருவேன்.

சதுர வீடு, வெளிப்பக்கம் 9 பிளாக், உயரம் 4. கதவு, ஜன்னலைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். கணக்குப் பாடவேளையில் வாய் திறக்காத மாணவி ஒருத்தி, "ஒரு வரிசைக்கு 9×4=36, நாலு வரிசைக்கு 144" என்றாள். தவறு எனத் தெரிந்தும் நான் திருத்தவில்லை. கட்டி முடித்தபோது 16 மீந்தன. சுவரைச் சுற்றிப் பார்த்தவள், "மூலையில இருக்கிறத ரெண்டு சுவருக்கும் எண்ணிட்டேன் சார்" என்றாள். வரிசைக்கு 32 போதும்.

வீடு வெறும் பெட்டிபோல் இருந்தது. மீந்த 16 பிளாக்குகளால் சுவரின் வெளிப்புறம் ஒட்டி 4 தூண்கள் எழுப்பினார்கள். தட்டைச் சுவரில் மேடும் நிழலும் விழுந்ததும் வீட்டுக்குக் களை வந்தது.

அடுத்து, 9×9=81 பிளாக் கொண்ட கூரையை நாற்புறமும் ஒரு பிளாக் வெளியே நீட்ட வேண்டும். "36 போதுமா?" என்றேன். "பத்தாது சார், மூலைக்கு ஒண்ணு கூட வேணும். 40" என்றாள் அதே மாணவி. 11×11=121; அதில் 81 போக 40. சரியான விடை.

முதல் கணக்கிலேயே நான் சிவப்பு மையால் திருத்தியிருந்தால், இரண்டாம் கணக்கில் அவள் மூலையைத் தேடியிருக்க மாட்டாள். கணினி இல்லாத வகுப்பில் கட்டம் போட்ட ஏட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.