பலத்தில் பேதம், அளவில் சமம்

இருதயத்தின் நான்கு அறைகளில் மேலறைகள் இரண்டும் ரத்தத்தை ஏற்றுக் கீழே இறக்கித் தருபவை. அதை வெளியே செலுத்தும் பாரமான காரியம் கீழறைகளைச் சேர்ந்தது. பிராணவாயு குறைந்து திரும்பிய ரத்தத்தை வலது கீழறை சுவாசகோசங்களுக்கு அனுப்ப, அங்கே சுத்தியடைந்து வந்ததை இடது கீழறை தேகமெங்கும் பாய்ச்சுகிறது. சுவாசகோசங்களின் குழாய்கள் எளிதில் இடங்கொடுப்பதால் வலதுக்குச் சுமார் 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் போதும். சரீரத்தின் சிறு நாடிகள் காட்டும் எதிர்ப்பை வெல்ல இடதுக்கோ 120 வேண்டியிருப்பதால், அதன் சுவர் ஏறக்குறைய மூன்று மடங்கு தடித்திருக்கிறது. சிசு கருவில் இருக்கும்வரை இந்த பேதம் இல்லை. சுவாசம் தொடங்கிய பின்னரே வலதின் பாரம் குறைகிறது.

பலத்தில் இத்தனை பேதமிருந்தும், இரண்டும் வெளியேற்றும் அளவில் பேதமில்லை என்பதே என்னை மிகவும் வியக்கவைக்கும் விஷயம். ஓய்வுநிலையில் துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர். வலது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே ஒரு மில்லிலிட்டரை அதிகமாக அனுப்புவதாக வைத்துக்கொண்டால், நிமிஷத்துக்கு 70 துடிப்பு வீதம் ஒரு மணி நேரத்திற்குள் 4 லிட்டருக்கு மேற்பட்ட ரத்தம் சுவாசகோசங்களில் தேங்கிவிடும். மனிதனிடம் இருப்பதோ மொத்தம் 5 லிட்டர் அளவுதான். ரத்தத்தின் இந்த ஓட்டம் நெடுங்காலம் புரியாமலே இருந்தது. கீழறைகளின் நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் வழியே ரத்தம் கசிவதாகக் காலன் என்ற கிரேக்க வைத்தியர் கூறியதை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் நம்பியது. 13ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் நஃபீஸ் அதைத் துணிந்து மறுத்தார். 1628இல் ஆங்கிலேய வைத்தியர் வில்லியம் ஹார்வி, இருதயம் அரை மணியில் வெளியேற்றும் ரத்தத்தைக் கணக்கிட்டுப் பார்த்தே, அது சுற்றிச் சுற்றி வருகிறது என்று ஸ்தாபித்தார்.

இரு கீழறைகளின் அளவுச் சமநிலையைக் காப்பது அவற்றின் தசையின் சுபாவமே. நிறைந்து எவ்வளவு நீள்கிறதோ, ஓர் எல்லைவரை அவ்வளவு வலுவாக அது சுருங்கும். ஆகவே வலது மிகுதியாக அனுப்பினால், இடது கீழறை கூடுதலாக நிறைந்து, மூளையின் கட்டளைக்குக் காத்திராமல் அடுத்த சில துடிப்புகளிலேயே அதை ஈடுசெய்துவிடுகிறது. ஃபிராங்க், ஸ்டார்லிங் என்ற இருவர் பெயரால் வழங்கும் விதி இது.

ரத்தக் கொதிப்பைப் பல்லாண்டு கவனியாது விட்டவர்களிடத்தில் கெடுவது இந்தச் சுபாவந்தான். அதிக அழுத்தத்தோடு போராடிப் போராடி இடது கீழறை தடித்து விறைத்து, இளகி நிறையும் சக்தியை இழக்கவே, சுவாசகோசங்களில் நீர் கோக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. எக்கோ பரிசோதனையில், நிறைந்த ரத்தத்தில் 55 சதவீதத்திற்கு மேல் வெளியேறுவதாகக் கண்டு நோயாளி ஆறுதல் அடையலாம். ஆனால் விறைத்த கீழறையிலும் அந்த எண் சரியாகவே இருக்கக்கூடும் என்பதால், மூச்சிரைப்பு இருப்பவர் அதை வைத்தியரிடம் அவசியம் எடுத்துச் சொல்லவேண்டும்.