பவனா கரையில் ராச்சாப்பாடு

புணேயின் பாணேரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் வாரக்கடைசியில் எங்கே போகலாம் என்று பேசத் தொடங்கினால், பேச்சு பெரும்பாலும் பவனா ஏரியில்தான் போய் நிற்கும். ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பழைய மும்பை சாலையில் காம்ஷேத் வரை போய் இடப்பக்கம் திரும்பினால் பவனாநகர். அங்கிருந்து கரையோரமாகக் கூடாரங்கள் ஆரம்பித்துவிடும். ஏரி என்கிறோமே தவிர, அது 1970களின் தொடக்கத்தில் பவனா ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய அணையின் தேக்கம். சுற்றிலும் திகோனா, துங், லோஹகட், விசாப்பூர் என்று நான்கு கோட்டைகள். இவற்றில் லோஹகட்டுக்கு நம்மூர் உறவு ஒன்று உண்டு. 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் லோஹகட் ஒன்று, நம் செஞ்சி இன்னொன்று.

இடத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல்முறை போனபோது, கூடாரத்தோடு சேர்த்துக் கட்டணம் வாங்கிய ஓர் இடத்தில் இரவுச் சாப்பாடு பத்தரை மணிக்கு வந்தது. சப்பாத்தி அப்பளம்போல் விறைத்திருந்தது, பருப்பு ஆறிப்போயிருந்தது. பிள்ளைகள் சிப்ஸ் தின்றுவிட்டுத் தூங்கிவிட்டார்கள். அதற்கப்புறம் நாங்கள் கூடாரத்துக்கு மட்டும் பணம் கொடுப்பது, சாப்பாட்டை நாங்களே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டோம். இதற்கு ஒத்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. போகுமுன் கேட்டுக்கொள்ளுங்கள், அடுப்பு மூட்ட இடம் தருவார்களா என்பதையும் சேர்த்து.

முதல் வேளைக்குக் கட்டுச்சோறுதான். புளியோதரை ஏன் கெடாது என்பது பாட்டிமாருக்குத் தெரியும்: புளியின் அமிலம், ஈரம் வற்றக் காய்ச்சிய புளிக்காய்ச்சல், தாராளமான நல்லெண்ணெய். இவை மூன்றும் சேர்ந்தால் கிருமி எளிதில் வளராது. வெறும் சோறு அப்படியில்லை. வடித்த சோற்றை மூடிவைத்து வெதுவெதுப்பாக அரைநாள் சுமந்தால் வயிற்றைக் கெடுக்கும் கிருமி பெருகிவிடும். ஆகவே சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்ட பிறகே புளிக்காய்ச்சலைக் கலந்து கட்டுங்கள். தயிர்சாதத்துக்கு, சோற்றைக் குழைத்துப் பாலை நிறைய விட்டு, ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்துக் கிளம்பினால், சாப்பிடும் நேரத்துக்குப் புளிக்காமல் பதமாக உறைந்திருக்கும். டிசம்பர், ஜனவரியில் உறைய இன்னும் நேரமாகும். அப்போது தயிரைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

இரவுக்குக் கரியடுப்பு. இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். கரியைப் பற்றவைத்ததும் சுவாலை எழும்; உடனே பனீர்க் கம்பிகளை மேலே வைத்துவிடுவார்கள். வெளியே கருகும், உள்ளே பச்சையாக இருக்கும், மண்ணெண்ணெய் வாடை வேறு. சுவாலை அடங்கி, கரித்துண்டுகள் மேல் சாம்பல் பூக்கும்வரை, அதாவது இருபது முப்பது நிமிஷம், காத்திருங்கள். சமைப்பது அந்தக் கங்கின் சூடுதானே ஒழிய நெருப்பில்லை. கோழியை முந்தைய நாளே தயிர், மஞ்சள், மிளகாய்த்தூள், இஞ்சிபூண்டு விழுதில் பிரட்டி டப்பாவோடு ஃபிரீசரில் உறையவைத்துவிடுங்கள். ஐஸ்பெட்டியில் அதுவே ஐஸ் கட்டியாக வேலை செய்யும், சாயந்தரத்துக்குள் இளகியும் விடும். சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோலோடு சாம்பலுக்குள் புதைத்து மறந்துவிடுங்கள். முக்கால் மணி கழித்துக் குச்சியால் குத்திப் பார்த்தால் போதும்.

ஒன்றை மட்டும் அடித்துச் சொல்ல வேண்டும். குளிருகிறது என்று கரிச்சட்டியைக் கூடாரத்துக்குள் எடுத்துப்போகாதீர்கள், காஸ் அடுப்பையும்தான். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். குளிர்கால இரவில் வெப்பம் 10 டிகிரி அருகே இறங்கும். அதற்குக் கம்பளியும் காலுறையும்தான் வழி.

எல்லாவற்றையும் சுமந்துபோக வேண்டும் என்பதில்லை. இது மாவள் பகுதி, நெல் விளையும் மண். கரையோரக் கிராமங்களில் சில வீடுகளில் முன்கூட்டிச் சொன்னால் பிட்லாவும் பாக்ரி ரொட்டியும் செய்து தருவார்கள். பிட்லா என்பது நம் வீட்டு பம்பாய் சட்னிக்கு ஒன்றுவிட்ட அண்ணன்: கடலைமாவு, வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய், ஆனால் கெட்டியாகக் கிளறியது. பக்கத்தில் டேச்சா. பச்சைமிளகாயையும் பூண்டையும் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு வதக்கி, உப்புப் போட்டு, அந்தக் கல்லிலேயே செம்பின் அடிப்பாகத்தால் நசுக்குவார்கள். அம்மி தேவையில்லை என்பதால் கூடாரவாசிக்கு இதைவிடத் தோதான துவையல் கிடையாது. நாங்கள் இப்போது தேங்காய்ச் சட்னியைக் கட்டிப்போவதையே விட்டுவிட்டோம். வழியிலேயே ஊசிப்போகும் பண்டம் அது.

திரும்பும் வழியில், முடிந்தால் போகும்போதே, இந்திராயணி அரிசி வாங்குங்கள். பக்கத்தில் வட்காவ் மாவளில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தில், ஆம்பேமோஹர் என்ற வாசனை அரிசியையும் ஐ.ஆர். 8ஐயும் ஒட்டி உருவாக்கிய ரகம். வெந்தால் கொஞ்சம் குழையும், ஒட்டும். உதிரி உதிரியாகச் சோறு வேண்டுகிறவர்களுக்குப் பிடிக்காது. வெண்பொங்கலுக்கு என் கணக்கில் இதை மிஞ்ச வேறில்லை. வீட்டிலேயே ஒரு பங்கு அரிசி, அரைப் பங்கு வறுத்த பாசிப்பருப்பு இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு, உப்பு, ஒடித்த மிளகு, சீரகத்தைத் தனிப் பொட்டலமாகக் கட்டிவிடுங்கள். காலையில் அரிசி பருப்பைக் கழுவி, எல்லாவற்றையும் குக்கரில் போட்டு, ஒரு டம்ளர் அரிசிக்கு ஆறு டம்ளர் தண்ணீர், ஐந்து விசில். முந்திரி, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்த நெய்யை வீட்டிலிருந்தே சின்னப் புட்டியில் கொண்டுபோங்கள். குளிரில் அது கல்லாக உறைந்திருக்கும். அணைந்துகொண்டிருக்கும் கங்குக்குப் பக்கத்தில் புட்டியைச் சாய்த்துவைத்தால் பொங்கல் இறங்கும் நேரத்துக்கு உருகிவிடும்.

மழைக்காலத்தில் இதையெல்லாம் யோசிக்காதீர்கள். 2024 ஜூன் 30 அன்று பக்கத்து லோணாவளாவில் பூஷி அணைக்கருகே ஒரே குடும்பத்தில் ஐந்து பேரை வெள்ளம் அடித்துப்போனது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் கூடாரத்துக்குக் காலம். அப்போதும் ஏரியில் இறங்கிக் குளிக்க வேண்டாம். கரையிலிருந்து இரண்டடியில் ஆழம் என்ன என்று யாராலும் சொல்ல முடியாது.

பாத்திரத்தையும் அங்கே கழுவ வேண்டாம். இந்தத் தண்ணீரை ஆற்றில் திறந்துவிட்டு, ராவேத்தில் எடுத்துத்தான் பிம்ப்ரி சிஞ்ச்வட்டின் பெரும்பகுதிக்குக் குடிநீராக விடுகிறார்கள். இந்தத் தண்ணீருக்குக் குழாய் போடுவதை எதிர்த்த போராட்டத்தில் 2011 ஆகஸ்ட் 9 அன்று போலீஸ் சுட்டு மூன்று மாவள் விவசாயிகள் செத்திருக்கிறார்கள். பொங்கல் அடிப்பிடித்த குக்கரைச் சாம்பலும் பழைய செய்தித்தாளும் வைத்துத் துடைத்துப் பையில் கட்டுங்கள். பாணேர் வந்து தேய்த்துக்கொள்ளலாம்.